செலினுக்குக் கான்வென்ட் ஃபாரம்

மரியதாஸ் அவர்களுக்கு,

இந்த வீட்டில் சமைக்கிற ரோஸி இரண்டு நாளாக உங்களோடு பேசுவதில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டுப் போகிறாள். கான்வென்ட்டில் ஃபாரம் வாங்க விடிவதற்குள் வரிசை கட்டிவிடுவார்களாம், அங்கேதான் நிற்பாள்.

இட்லி சுட்டு வைத்திருக்கிறது. நேற்றைய மீன்குழம்பு சட்டியில். செலினுக்கு முள் பார்த்து ஊட்டவும். இரட்டைப் பின்னலுக்குப் பக்கத்து வீட்டு ஜாஸ்மின் அக்காவைக் கூப்பிடவும். நீங்கள் பின்னினால் வலை மாதிரி இருக்கும். ஒன்பது மணிக்குக் குழந்தையோடு பள்ளி வாசலில் இருக்க வேண்டும். சாவி மீட்டர் பெட்டி மேல்.

"கான்வென்ட்ல படிச்சா என் பொண்ணே என்னப் பாத்து மீன் நாத்தம்னு மூக்கப் புடிச்சுக்கும்" என்று ஒரு மாதமாக முறுக்கிக்கொண்டு திரிகிறவர், இரண்டு முறை சோப்பு போட்டுக் குளிக்கவும். கான்வென்ட்டில் இடம் கிடைக்கப் பங்குச் சாமியாரிடம் போய்ச் சிபாரிசுக் கடிதம் கேட்க மாட்டேன் என்றீர்கள். பரவாயில்லை, கடிதம் இல்லாமலே ரோஸி சிஸ்டரிடம் பேசிக்கொள்வாள்.

அடியில், இடம் இருக்கிற வரைக்கும்:

உன் வெள்ளைச் சட்டைய இஸ்திரி போட எடுத்தேன். பையில ஃபாதர் கையெழுத்து போட்ட லெட்டர் கீது. தவறாம பூசைக்கு வர்றாருன்னு எழுதிக்கீறாரு. யோவ், இன்னா ஆளுய்யா நீ. ஞாயித்துக்கிழமை காலைல வலை தைக்கப் போறேன்னு சொல்லிட்டு அங்கதான் போய்க்கினு இருந்தியா?

லெட்டர நான் எடுத்துக்கினு போறேன். எட்டரைக்கே வந்துடு, பக்கத்துல நில்லு.

சோப்பு ஒரு வாட்டி போட்டா போதும்.