தோழர் பேரில் ஒன்றும் இல்லை

1968 பங்குனி, ஞாயிறு

கட்சி வகுப்பிலிருந்து வந்தும் கொதிப்பு அடங்கவில்லை. மொஸ்கோ போய்வந்த தோழர் இன்று சொன்னார்: "அங்க தலைவர்மார்ர பேரில ஒண்டும் இல்ல. அதாலதான் அவங்கட மனசு ஏழைகள்ட பக்கம்."

"அவங்க இரிக்கிற வீடு, போற கார்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சனத்திட சொத்து, தம்பி."

தோழர் பேரிலும் ஒன்றும் இல்லைதான். நம் ஊர் வழக்கப்படி வீடும் வயலும் மனைவியின் சீதனம். அதில் போடியாராக, பெரிய நிலக்காரராக உட்கார்ந்து சாப்பிடுகிறவர் இவர். போன கிழமை வெள்ளாமை வெட்ட வந்தவர்கள் கூலி கூட்டிக் கேட்டார்கள். "வயல் எண்ட இல்லயே, பொஞ்சாதிட்டக் கேளுங்க" என்று சிரித்தார். அந்த அம்மா, "அவரிட்டக் கேளுங்க" என்று உள்ளே போய்விட்டார்.

மொஸ்கோவில் கூலி கூட்டிக் கேட்பவனை யாரிடம் அனுப்புவார்கள்? சனத்திடமா? கேட்கிறவன்தானே ஐயா சனம்!