கோளாறு சோற்றில் இல்லை, ஐயா

அனுப்புநர்:
பெண்கள் தையலகம் நடத்தும் தையல்காரி,
பேருந்து நிலையத்தின் பின்தெரு, மாடிப்படிக்குக் கீழ்.

பெறுநர்:
உயர்திரு உணவுப் பாதுகாப்பு மேலதிகாரி அவர்கள்.

பொருள்: நல்ல சோற்றைக் கெட்டது என்று ஒட்டிய அறிவிப்பை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஊரார் இடுப்பை அளந்து பிழைப்பவள். அதே நாடாவால் என்னையும் அளக்கத் தொடங்கியதுதான் வினையாகப் போயிற்று. சில வருடங்கள் சோறு எனக்கு ஜென்ம விரோதி. காலையில் சாப்பிட்டாயிற்று, மதியம் பல்வலி, மாலையில் வயிறு மந்தம் என்று பொய் சொல்வதில் நான் கைதேர்ந்தவள். இது திமிர் என்றார் அக்கா வீட்டுக்காரரான மாமா. நோய் என்றார் மருத்துவர். தெரு முழுக்க மாமா கட்சிதான்.

2. என் போன்றவர்களை மீட்கும் சங்கம் ஒன்று அச்சகத்தின் மேல்மாடியில் இயங்குகிறது. ஒரு ஆலோசகர் அம்மா, நாலு நாற்காலி, அவ்வளவுதான் சங்கம். அந்த அறையைக் காப்பாற்ற நிதி திரட்டும் விருந்து ஒன்றைக் கீழ்க்கூடத்தில் நடத்தினோம். சமையல் என் அக்கா. விடுதியில் பெரிய அண்டா கிளறும் கை. அன்று நானும் எல்லோரோடும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதாக ஏற்பாடு. அது அக்காவுக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே தெரியும்.

3. "உணவுக் கோளாறு நோயிலிருந்து மீள்வோருக்கு நிதி திரட்டும் விருந்து" என்று பேனருக்கு எழுதிக் கொடுத்தேன். எடுப்பாக இருக்கட்டும் என்று கடைக்காரர் "உணவுக் கோளாறு", "விருந்து" இரண்டையும் ஆளுயரத்துக்கு அடித்து, மிச்சத்தை எறும்பு ஊர்வது போல நடுவில் விட்டுவிட்டார். தெருவிலிருந்து பார்த்தால் உணவுக் கோளாறு விருந்து. அதைப் படித்துவிட்டுத்தான் தங்கள் ஆய்வாளர் உள்ளே வந்தார்.

4. சோற்றைப் பிசைந்து கையில் எடுத்திருந்தேன். அவர் என் தட்டை இழுத்துக்கொண்டார். இது நோயின் பெயர் என்று ஆலோசகர் அம்மா தொண்டை வற்ற விளக்கினார். அதற்கு ஆய்வாளர் சொன்னது: "கோளாறுன்னு நீங்களே கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்க. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா என் தலையத்தானே உருட்டுவாங்க?" அண்டா ஜீப்பில் ஏறியது. கூடத்தின் கதவில் "இங்கு சமைத்த உணவு உண்ணத் தகாதது" என்று முத்திரையோடு ஒட்டினார். அக்காவின் சமையலைக் குறை சொல்லும் துணிச்சல் மாமாவுக்கே இதுவரை வந்ததில்லை.

5. சோறு நல்ல சோறு என்று ஆய்வக முடிவு வந்துவிட்டது. அண்டாவும் காலியாக வந்து சேர்ந்தது. சோதனைக்கு அவ்வளவு சோறா தேவைப்பட்டது என்று அக்கா கேட்கிறார், நான் கேட்கவில்லை. ஆனால் அறிவிப்பு மட்டும் கதவிலேயே இருக்கிறது.

6. ஐயா, "தின்னாதே, உனக்கு ஆகாது" என்று என் மண்டைக்குள் ஒருத்தி ஓதிக்கொண்டே இருப்பாள். அவள் வாயை அடைக்க எனக்கும் ஆலோசகருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. இப்போது அவளுக்கு அரசாங்கச் சான்றிதழே கிடைத்துவிட்டது. கடைக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கதவைப் படித்துக் காட்டுகிறாள். நான் மறுபடியும் தட்டை மூடி வைக்கத் தொடங்கிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

7. ஆகவே, அந்த அறிவிப்பைத் தங்கள் ஆய்வாளரே கிழிக்க வேண்டும். நான் கிழித்தால் வழக்காகும். அதே இடத்தில் "உண்ணத் தகுந்தது" என்று எழுதி ஒட்ட வேண்டும். மண்டைக்குள் இருப்பவள் படித்தவள். வாய்மொழி உத்தரவுக்கெல்லாம் மசிய மாட்டாள். வரும் ஞாயிறு அக்கா மறுபடி சமைக்கச் சம்மதித்திருக்கிறார். ஆய்வாளர் வந்து என் பக்கத்தில் உட்காரட்டும், சோதிக்க அல்ல, சாப்பிட.

கோப்பு மேசை மேசையாகப் போய்வர நாளாகும் என்று அறிவேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று தட்டு பறிபோனபோது எத்தனையோ வருடம் கழித்து எனக்கு நிஜமாகவே பசித்தது. அது போய்விடுவதற்குள் உத்தரவிடுங்கள், ஐயா.

நாள்: திங்கட்கிழமை
இடம்: தையலகம்

இப்படிக்கு,
சாப்பிடக் காத்திருக்கும்
தையல்காரி
(ஒப்பம்)