புதுக் குதிரைக்கு மூச்சுக் கொடுத்தவன்

மச்சான்,

இன்று ஈப்போ சிலிபினில் ஒரு குதிரை லாயத்தைக் கழுவிவிட்டு வந்தேன். கார்பாலிக் மருந்தின் நெடி சட்டையை விட்டுப் போகவில்லை. இந்த நெடி ஏறினால் உன் நினைப்புத்தான். அதனால் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நீ குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கால்நடை வைத்தியம் படித்துவிட்டுச் சர்க்கார் வேலைக்கு அப்போதுதான் வந்திருந்தேன். ரப்பர் ஷீட் வண்டி இழுக்கும் ஜோடியில் ஒன்று செத்துப்போனது. மாசக் கடைசிக்குள் வேறு குதிரை வராவிட்டால் லாரி வாங்கிவிடுவேன் என்று துரை சொல்லிவிட்டார். லாரி வந்தால் லாயம் இல்லை, உனக்கும் வேலை இல்லை. என்னையும் இழுத்துக்கொண்டு ஈப்போவுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்டாய்.

வியாபாரி காட்டிய சாம்பல் குதிரையின் நடையில் குறை இல்லை. பல்லும் சரி. தாடைக்கு அடியில் கை வைத்தேன். கல் மாதிரி ஒரு கட்டி. ஒரு மூக்கில் மட்டும்தான் காற்று வந்தது.

"வேணாம் மச்சான். மூக்குல புண்ணு வைக்கிற சீக்கு மாதிரி இருக்கு. மனுசனுக்கும் ஒட்டும். ரத்தம் எடுத்துப் பாக்குற வரைக்கும் தொடாதே."

"தம்பி எறும்பு கடிச்சாலும் ரத்தம் எடுப்பாரு போல," என்றான் வியாபாரி.

நீயும் சிரித்தாய். "பரீட்சை எழுதுனவனுக்கு எதப் பாத்தாலும் சீக்குலா. துரை லாரிக்கு ஆள் அனுப்புறதுக்குள்ள நான் இத வண்டியில பூட்டணும்."

எந்தக் குதிரையை வாங்கினாலும் அதன் மூக்கில் வாய் வைத்து ஊதுவது உன் வழக்கம். எசமான் யாரென்று அதற்குத் தெரிய வேண்டுமாம். சட்டையைப் பிடித்து இழுத்தேன். தள்ளிவிட்டு ஊதினாய். குதிரை உன் முகத்திலேயே திருப்பி ஒரு மூச்சு விட்டது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

சில நாளில் அது தும்மியதாம். வியாபாரி மூக்கில் அடைத்து வைத்திருந்த பஞ்சு வெளியே விழுந்து, பின்னாலேயே மஞ்சளும் ரத்தமுமாக ஒழுகியதாம். உன் துண்டால் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறாய். எனக்கு ஏன்டா சொல்லி அனுப்பவில்லை? சொன்னால் லாயத்தைப் பூட்டிவிடுவேன் என்று பயம். பூட்டியிருப்பேன்தான். நீ இருந்திருப்பாய்.

உனக்குக் காய்ச்சல் கண்ட பிறகுதான் எனக்குச் செய்தி வந்தது. லாயத்தில் இருந்த அத்தனை குதிரைகளையும் சுட உத்தரவு. சாம்பல் குதிரையைத்தான் முதலில் வெளியே கொண்டுவந்தார்கள். நீ இல்லாமல் வேறு யார் இழுத்தும் வராமல் முரண்டு பிடித்ததை அங்கேயே சுட்டார்கள்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் கிடந்தாய். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த நிறம் எனக்குத் தெரியும்.

"புதுக் குதிரை தண்ணி குடிக்குதா?" என்று கேட்டாய்.

"குடிக்குது."

"அப்ப நானும் எந்திரிச்சிருவேன்லா. ரெண்டு பேருக்கும் ஒரே சீக்குதானே."

சிரிக்கப் பார்த்தாய். உதடு வெடித்தது. மறுநாள் நீ இல்லை.

எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவன் நான். இன்றும் அப்படித்தான், பலரும் திட்டுகிறார்கள். உன்னிடம் சொன்ன அந்த ஒரு சொல்லை மட்டும் திருத்த மனம் வரவில்லை. நீ மறுபடி கேட்டாலும் அதேதான்.

குடிக்குது மச்சான்.