நாலாவது ஆள்

மாப்ள,

கொளஞ்சியின் ஜெராக்ஸ் கடையில் ஃபேனைப் போட்டால் காகிதம் பறக்கும், நிறுத்தினால் வியர்வை காகிதத்திலேயே சொட்டும். போன வாரம் பட்டா நகல் எடுக்கப் போயிருந்தேன். பறக்கப் பார்த்த ஒரு கட்டின்மேல் நம்முடைய கல் உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் சிப்பி பதிந்த, உள்ளங்கையில் அடங்குகிற சுண்ணாம்புக் கல். அரியலூர்ப் பக்கம் எங்கே மண்ணைக் கிளறினாலும் கிடைப்பதுதான், ஆனால் இது நீ பொறுக்கிக் கொடுத்தது. எட்டு மாதமாக நானும் அவனும் சரியாகப் பேசவில்லை. கல்லைப் பார்த்தபடிதான் பேச்சை ஆரம்பித்தேன்.

"இத இன்னும் வச்சிருக்கியா?"

"காத்துக்கு வேணும்ல" என்றான். பச்சைப் பொய். அவனுக்குப் பொய் வராது என்பது உனக்குத் தெரியாதா? நம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் திருடன் வேஷம் போட்டுக்கொண்டு, அடித்த பொருளை அடுத்த வாரமே திருப்பி வைத்துவிட்டு வந்தவன் அல்லவா!

நீ ஷார்ஜாவுக்குத் திரும்பிய நாள் ஞாபகம் வந்தது. லப்பைக்குடிக்காட்டில் வீட்டார் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, கடைசியாக ஒரு ஆட்டம் போட்டுவிட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு இந்தக் கடைக்கே வந்துவிட்டாய். ஆட்டம் முடிந்து நானும் கொளஞ்சியும் பிரியாவும் உன்னைத் திருச்சி பஸ் ஏற்றிவிட வந்தோம். பஸ் கிளம்பப் போகிற நேரத்தில் கொளஞ்சி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"நாலு பேரா வந்துட்டு மூணு பேரா திரும்புறது நல்லாவா இருக்கு? மூணு பேரா எங்கயும் போவக் கூடாதுங்கும் எங்கம்மா."

நீ சிரிக்கவில்லை. இறங்கி வந்து, சாலை வேலைக்குக் கொட்டியிருந்த குவியலில் தேடி ஒரு கல்லை எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டாய். "இந்தா, நாலாவது ஆளு. பத்தரமா கூட்டிக்கிட்டுப் போ." கனம் தாங்காமல் பை கிழிந்தது. கிழிந்த பையைக் கையால் ஏந்திக்கொண்டே அவன் கடை வரைக்கும் நடந்தான்.

அதன் பிறகு ஞாயிறு மதியம் உன் வீடியோ கால் வந்தால் போனை அந்தக் கல்லில்தான் சாய்த்து வைப்போம். ஆட்டம் முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அது நாலாவது ஆளாகக் கொளஞ்சி கையில் வரும். ஷார்ஜாவில் கூடத் தங்கியிருந்தவர்களிடம் நீ கற்றுக்கொண்டு வந்த ஆட்டம் அது. "பாதி கூத்து, பாதி தாயம்" என்று ஒரே வரியில் எங்களுக்குப் புரிய வைத்தாய். கதையை ஒருவர் நடத்த வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷமாகப் பேச வேண்டும், நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். உன் நெட் அறுந்தால் கதையும் அறுந்ததால் நடத்துகிற வேலை என் தலையில் விழுந்தது. பிரியா வாள் பிடிக்கிறவள். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவளை வைத்தியராக வரச் சொன்னதற்கு, "வாரம் பூரா ஊசி போடுறேன், ஞாயித்துக்கெழமையுமா?" என்று சீறினாள். அதனால் நீ வைத்தியர் ஹக்கீம் பாய் ஆனாய். யார் அடிபட்டு விழுந்தாலும் மருந்தைப் பூசிவிட்டு, "ஒண்ணும் ஆவாது, எந்திரி" என்பாய்.

பிறகு ஒரு ஞாயிறு உன் கால் வரவில்லை. நெஞ்சு வலி என்றார்கள். அங்கேயே அடக்கம் செய்தார்கள். ஒரு பிடி மண் போடக்கூட எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மூவரும் உட்கார்ந்தோம். வைத்தியர் இல்லாமல் அந்தக் கதையைத் தாண்ட முடியாது, ஒரு துணைப் பாத்திரம் வேண்டும். நான் செய்த மடத்தனத்தைக் கேள். ஹக்கீம் பாயையே துணையாக்கி நானே பேசினேன், உன் குரலில், உன் இழுவையோடு. "ஒண்ணும் ஆவாது, எந்திரி" என்றதும் கொளஞ்சி நோட்டை மூடினான். "அவன மாதிரி பேசாதடா" என்று சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கப் போய்விட்டான். பிரியா அழுதாள். அன்றோடு ஆட்டம் நின்றது. உன்னைப் பிரிந்த துக்கம் ஒரு பக்கம், நீ சேர்த்து வைத்த இரண்டு பேரையும் நானே விரட்டிவிட்டேன் என்ற குற்ற உணர்ச்சி ஒரு பக்கம். இரண்டாவதுதான் என்னை அதிகம் அரித்தது.

கல்லைப் பார்த்தபோது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. முன்பு பிரியா பயிற்சிக்காக இரண்டு மாதம் வராமல் போனபோது, அவளுக்கு ஈடாக அவளைப் போலவே ஒருத்தியைப் படைக்க நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னாய்: "கூட்டத்துல என்ன கொறையுதுன்னு பாரு, யாரு கொறையுறாங்கன்னு பாக்காத. வேலைக்குத்தான் ஆளு தேட முடியும் மாப்ள, ஆளுக்கு ஆளு தேட முடியாது."

நகலை வாங்கிக்கொண்டு, "ஞாயித்துக்கெழம வரட்டுமா?" என்றேன். கொளஞ்சி மிஷினைத் துடைத்துக்கொண்டே, "பிரியாவுக்குச் சொல்லிடு" என்றான்.

நேற்று மூவரும் கூடினோம். துணைக்கு யார் என்ற பேச்சு எழுந்தது. பிரியா ஒரு நாய் போதும் என்றாள். கொளஞ்சி வில்லாளி கேட்டான். "அடி வாங்கத்தான் ரெண்டு பேரு இருக்கீங்களே, கட்டுப் போடத்தான் ஆளில்ல" என்றேன். மூவரும் சேர்ந்தே ஒருத்தியைப் படைத்தோம். செங்கமலம், ஊர் மருத்துவச்சி. கைராசிக்காரி, வாய் மட்டும் மிளகாய். கதை நடக்கும் வரைபடத்தில் அவளுக்கு அடையாளமாக எதை வைப்பது என்று நான் தயங்க, கொளஞ்சியே எழுந்து போய் அந்தக் கல்லைக் கொண்டுவந்து வைத்தான்.

வைத்த மறு நிமிஷமே அவனுடைய திருடன் பள்ளத்தில் விழுந்தான். செங்கமலமாக நான் கத்தினேன்: "கண்ண எங்க அடகு வச்ச? கால நீட்டு, மூதேவி!" பிரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஹெட் நர்ஸேதான்!" என்று சிரித்தாள். கொளஞ்சியும் சிரித்தான். அப்பாடா என்று இருந்தது எனக்கு. எட்டு மாதம் கழித்து முதுகை நாற்காலியில் சாய்த்தேன். உன் இடத்தில் யாரும் உட்காரவில்லை, ஆட்டம் மட்டும் நடந்தது.

பிரியாவுக்குப் பெரம்பலூர் பஸ், எனக்குச் செந்துறை பஸ். வழக்கம்போலக் கொளஞ்சியும் பஸ் ஸ்டாண்ட் வரை வந்தான், வழியெல்லாம் அந்தப் பள்ளத்தைப் பற்றியே பேசிக்கொண்டு. கல் வரைபடத்தின் மேலேயே இருந்துவிட்டது. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை.

இன்று காலை ஷட்டரைப் பாதி தூக்கியதுமே கல்லைக் கண்டு பதறிப் போய் போன் செய்தான்.

"டேய், நேத்து கல்ல எடுக்காம மூணு பேரா போயிட்டோம்டா!"

"ஒண்ணும் ஆவாது" என்றேன். சொன்ன பிறகுதான் கேட்டது, உன் குரல், உன் இழுவை. நாக்கைக் கடித்துக்கொண்டு, போனை வைத்துவிடுவான் என்று காத்திருந்தேன்.

அந்தப் பக்கம் ஷட்டர் மேலே ஏறுகிற சத்தம்.

"ஆமாடா, ஒண்ணும் ஆவல" என்றான்.