பின்வளவில் இறங்கிய மண்

அண்ணே,

கடப்பாரை இறங்கிய ஓட்டையிலிருந்து ஒரு வாடை வந்தது. மக்கிப்போன தென்னந்தடியின் வாடை. முப்பது வருடம் கழித்தும் அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நீ கண்மூடி இரண்டு வருடம் ஆகிறது. என் மகள் குழந்தையோடு இலஞ்சிக்கே வந்துவிட்டாள். பிள்ளை விழுந்து எழுந்து ஓட வீட்டுப் பின்வளவில் புல்தரை வேண்டும் என்றாள். களை பறித்து, கல் பொறுக்கி, செம்மண் கொட்டி, கயிறு கட்டி மட்டம் பார்த்துத் தண்ணீர் விட்டோம். மறுநாள் காலையில் மாதுளைச் செடிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு தாம்பாள அகலத்துக்கு மண் இறங்கியிருந்தது. நிரப்பினோம். அடுத்த நாளும் இறங்கியது. இங்கே முன்பு என்ன இருந்தது என்று வேலைக்கு வந்தவர் என்னிடம் கேட்டார்.

எலி வளையாக இருக்கும் என்றேன். அவர் நம்பாமல் கடப்பாரையைப் போட்டார். அது பிடித்திருந்த கை வரைக்கும் உள்ளே போனது.

முப்பது வருடத்துக்கு முன்பு, தங்கச்சி கல்யாணப் பந்தலுக்கு இடம் போதாமல் பின்வளவுத் தென்னைகளை வெட்டி, பாழுங்கிணற்றையும் தூர்த்துவிடச் சொன்னார் அப்பா. ஐந்தே நாள்தான் இருந்தது. சாரல் விடவில்லை; மணல் லாரியால் சந்துக்குள் வர முடியவில்லை. வெட்டிக் கிடந்த தடிகளை நீ கிணற்று வாயில் குறுக்கே அடுக்கினாய். மறுமுனையைத் தூக்கியவன் நான். மேலே ஓலை பரப்பி, ஒரு முழம் மண் போட்டு மிதித்தாய்.

"ஏலே, கல்யாணம் வரைக்கும் தாங்கும். பொறவு ஒழுங்கா மூடிக்கிடுவோம். அப்பாட்ட சொல்லிராத."

பிறகு முறைப்படி மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சூடம் காட்டினாய். அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கல்யாணத்தன்று அந்த இடத்தில் நாற்காலி போட்டு நீயே உட்கார்ந்துகொண்டாய். யாரையும் அண்டவிடவில்லை. மூத்தவன் மிடுக்கைப் பார் என்று சொந்தக்காரர்கள் கேலி பேசினார்கள். அதன்பின் கிணற்றை ஒழுங்காக எப்போது மூடுவது என்று கேட்டால் சிரித்தே மழுப்பினாய். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

நேற்று குழந்தை ஈரமண்ணைப் பார்த்ததும் மாதுளைப் பக்கம் தத்தித் தத்திப் போனாள்.

"ஏட்டி, பிள்ளையத் தூக்கு. அது கெணறு," என்றேன்.

மகள் என்னைப் பார்த்த பார்வையை உனக்குச் சொல்ல மாட்டேன். வேலைக்காரர் ஒரு கல்லைப் போட்டார். தண்ணீர்ச் சத்தம் தாமதமாகத்தான் கேட்டது. பார்த்துப் பார்த்து மண்ணை விலக்கினோம். ஏழு தடியில் இரண்டுதான் மிச்சம் இருந்தது. அதன்மேல்தான் இத்தனை வருடம் துணி காயப்போட்டோம், பிள்ளைகளை விளையாட விட்டோம். உன்மேல் இவ்வளவு கோபம் எனக்கு வந்ததே இல்லை.

இப்போது கல்லும் மணலும் கொட்டி முறையாகத் தூர்க்கிறோம். ஆனால் அன்றைக்கு நம் கிணறு ஒரே நாளில் மறைந்ததைப் பார்த்து, ஊரில் கிணறு மூட வேண்டும் என்றாலே உன்னைத்தான் கூப்பிட்டார்கள். அங்கெல்லாம் நான் உன்கூட வரவில்லை; எதைப் போட்டு மூடினாய் என்று தெரியாது.

இன்று காலை மேலத்தெரு அக்கா விஷயம் கேள்விப்பட்டு வந்தாள். வாசற்படி ஏறாமலே கேட்டாள்.

"எங்க கெணத்த உங்க அண்ணன் நல்லாத்தான மூடுனாவ? அதுக்கு மேலதான் எங்க மாமனாரு கட்டில் கெடக்கு."

கட்டிலை உடனே மாற்றச் சொன்னேன். நீ கிணறு மூடப் போன வீடுகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன், பதினொன்று வந்திருக்கிறது. நாளைக்கு ஒவ்வொரு வாசலிலும் போய் நிற்க வேண்டும். உன் தம்பி என்றுதான் எல்லோரும் கதவைத் திறப்பார்கள்.