இடப்பக்கத்துக்குத் தனி அளவு

மார்ச் 3, திங்கள்

கப்பல் கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஏழு நாள் பயணத்தில் இரண்டு மாலை பெரிய விருந்து. அந்த இரண்டு மாலையும் முறையான உடை இல்லாமல் சாப்பாட்டுக் கூடத்துக்குள் விடமாட்டார்களாம். பெண்கள் என்றால் தரையைத் தொடும் நீள கவுன், அல்லது அதற்கு ஈடாக ஏதாவது. அடுத்த பக்கத்திலேயே, போகிற இடமெல்லாம் கடும் வெயில், மெல்லிய துணியாக எடுத்து வாருங்கள் என்றும் போட்டிருக்கிறார்கள். ராணி மாதிரியும் இருக்க வேண்டும், வேர்க்கவும் கூடாது. இருக்கட்டும். இருபத்தாறு வருடமாக ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைக்கிறவள் நான். எந்தத் துணி எப்படி விழும் என்று தொட்டாலே சொல்லிவிடுவேன்.

அக்காவுக்கு அறுபது முடிகிறது என்று நான் எடுத்த டிக்கெட் இது. மாமாவுக்கு ஊஞ்சலில் உட்கார்ந்தாலே தலை சுற்றும், அதனால் நாங்கள் இருவர் மட்டும். கடிதத்தைப் போனில் படித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் ‘உம்’ கொட்டியவள் கடைசியில், “அந்த ரெண்டு நாளும் நான் ரூம்லயே சாப்பிட்டுக்கறேன். நீ போயிட்டு வா” என்றாள்.

போன வருடம் இடது மார்பை எடுத்ததிலிருந்து இப்படித்தான். நாலு பேர் கூடுகிற இடம் என்றால் அவளுக்கு எங்கிருந்தோ ஒரு தலைவலி வந்துவிடும். சித்தப்பா மகள் கல்யாணத்தில் வாசல்வரை வந்துவிட்டு, முடியும்வரை காரிலேயே உட்கார்ந்திருந்தாள். முப்பது வருடம் கணக்கு டீச்சர். மைக் இல்லாமல் கடைசி பெஞ்சை அதட்டியவள்.

நான் தைக்கிற உடையில் அவளே எழுந்து அந்தக் கூடத்துக்கு நடந்து போகாவிட்டால் என் பெயரை மாற்றி வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 5, புதன்

புடவை கட்டினால் போயிற்று என்கிறார் மாமா. ஆண்களுக்கு எல்லாமே சுலபம். புடவை என்றால் ரவிக்கை, ரவிக்கை என்றால் அளவு, அளவு என்றால் அந்தப் பேச்சு. வேண்டாம். கவுன்தான்.

அக்காவைத் தொட்டு அளவெடுத்துச் சங்கடப்படுத்தவும் வேண்டாம். அவளுடைய பழைய உடை ஒன்றை மாமாவிடம் வாங்கி வந்து அதை அளந்துகொண்டேன். எப்படி என் சாமர்த்தியம்?

மார்ச் 9, ஞாயிறு

சாம்பல் நீலத்தில் ஷிஃபான் கிடைத்தது. ஊதினால் பறக்கிறது. ஆனால் ஒற்றையாய்ப் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். அதனால் கீழே ஒரு லைனிங், அதற்கும் கீழே இன்னொன்று. ஜன்னலுக்கு நாங்கள் அகலத்தைப் போல இரண்டரை மடங்கு துணி போடுவோம், கொசுவம் அப்போதுதான் நிறைந்து விழும். இதற்கும் அதே கணக்கு. இடப்பக்கம் உள்ளே பஞ்சு வைத்து ஒரு மெத்தை. கீழ் ஓர மடிப்புக்குள் சின்னச் சின்ன ஈயத் துண்டுகள் — திரைச்சீலை காற்றில் எழும்பாமல் இருக்க வைப்போமே, அதேதான். கப்பலில் காற்றடிக்கும் அல்லவா.

கடையில் என்னோடு தைப்பவளுக்குக் ‘கத்தரி’ என்று பெயர் வைத்திருக்கிறேன். கையும் அப்படி, வாயும் அப்படி. தூக்கிப் பார்த்துவிட்டு, இது வெயிலுக்கா பனிக்கா என்று கேட்டாள். பொறாமை.

மார்ச் 14, வெள்ளி

முடிந்தது. இதுவரை நான் தைத்ததிலேயே அழகானது இதுதான். சத்தியமாக.

மார்ச் 15, சனி

அக்கா போட்டுப் பார்த்தாள். நானும் மாமாவும் கூடத்தில் காத்திருந்தோம். வெளியே வந்து அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். நான் கைதட்டத் தயாராக இருந்தேன்.

“ரொம்ப நல்லா இருக்கு. உள்ள யார் இருக்கான்னே தெரியல.”

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“மறைஞ்சுக்கறதுக்கு எனக்கு ரூமே போதும்டி. இதை வேற எதுக்கு மாட்டிக்கிட்டு வரணும்?”

மாமா காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டார். அக்கா கழற்றி மடித்து, பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். எனக்கு முதுகு காட்டி அவள் கழற்றியபோது முதுகெல்லாம் வேர்த்திருந்ததைப் பார்த்தேன். மின்விசிறிக்குக் கீழே, கால் மணி நேரத்தில்.

மார்ச் 16, ஞாயிறு

பத்து நாள் உழைப்பு. ஒரு நன்றி கிடையாது. நான் என்ன செய்யக் கூடாததைச் செஞ்சிட்டேன்? அவளுக்காகத்தானே? யாரும் பாக்கக் கூடாது, யாரும் கேக்கக் கூடாதுன்னுதானே பார்த்துப் பார்த்து வச்சேன்? போகட்டும். ரூமிலேயே சாப்பிடட்டும். எனக்கென்ன.

மார்ச் 17, திங்கள்

இன்று ஒரு வீட்டில் படுக்கையறை ஜன்னலுக்கு அளவெடுக்கப் போனேன். அந்த வீட்டுப் பெண்மணி, வெளியே நல்ல மரம் இருக்கிறது, மெல்லிசாக ஒன்று போதும் என்றாள். நான் வழக்கம்போல் இரட்டை லைனிங்கைப் பற்றி ஆரம்பித்துவிட்டேன். அரை மணி பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மரத்தைக் கொஞ்சம் பாருங்களேன் என்றாள். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். அந்த அறையில் நின்று ஜன்னலை அளந்தேனே தவிர வெளியே பார்க்கவே இல்லை.

வண்டியில் வரும்போது யோசித்தேன். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் அக்காவோடு இருந்தவள் நான். மாத்திரை, சாப்பாடு, டாக்டரிடம் சண்டை எல்லாம் நான்தான். ஆனால் நர்ஸ் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் பிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கிவரக் கிளம்பிவிடுவேன். பதினோரு நாளும். அவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? அந்த இடத்தை நான் இன்றுவரை பார்த்ததே கிடையாது. பார்க்காமலே மூன்று அடுக்குத் துணி போட்டு மூடியிருக்கிறேன். பயம் எனக்குத்தான்.

எழுதிவிட்டேன். அழித்துவிடாதே.

மார்ச் 19, புதன்

டேப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். மாமா வேலையில். கதவைத் திறந்ததும், அளவெடுக்க வந்திருக்கிறேன், இந்தத் தடவை உன்னை, என்றேன். அக்கா என் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளறைக்குப் போய் ஜன்னல் பக்கம் நின்று மேல்சட்டையைக் கழற்றினாள்.

பார்த்தேன். அக்குளிலிருந்து நடுநெஞ்சுவரை ஒரு கோடு. அங்கங்கே சுருங்கிய தோல். மற்றபடி தட்டையான இடம். இதற்கா ஒரு வருடம் ஓடினேன்? அழுகை வந்தது, மறைக்கவில்லை.

“பாத்தாச்சா?” என்றாள்.

“பாத்தாச்சு.”

“அவ்வளவுதான்டி. இதுக்குப் போயி எத்தனை பிளாஸ்க் வெந்நீர்.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டேப் கீழே விழுந்துவிட்டது.

இடப்பக்கத்துக்குத் தனி அளவு, வலப்பக்கத்துக்குத் தனி அளவு எடுத்தேன். வெயிலில் இடது கை வீங்கிக்கொள்ளும் என்பதே இன்றுதான் எனக்குத் தெரியும். அந்தக் கையில் எதுவும் இறுக்கக் கூடாது. கையைத் தோளுக்கு மேல் தூக்கவும் கஷ்டம். பின்னால் ஜிப் வைத்தால் தினம் ஒரு ஆள் தேவைப்படும். பஞ்சு மெத்தை வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், உள்ளே வேர்த்துக் கசகசக்கும், இருக்கிறபடி இருக்கட்டும் என்றாள். நிறம் கேட்டேன். சிவப்பு என்றாள்! ஆயுளில் சாம்பலும் பழுப்பும் தவிர வேறு உடுத்தாத கணக்கு டீச்சர். ஆனால் கூடத்துக்கு வருவாளா என்று கேட்டதற்கு மட்டும், “தை, பாக்கலாம்” என்றாள்.

மார்ச் 22, சனி

பருத்தியும் பட்டும் கலந்த துணி. மாதுளைச் சிவப்பு. இஸ்திரிப் பெட்டி ஆவி விட்டுக்கொண்டிருக்கும்போது மதியம் இரண்டு மணிக்கு அதைத் தோளில் போட்டுக்கொண்டு அரை மணி நின்றேன். வேர்த்தது நான்தான்; துணி உடம்பில் ஒட்டவே இல்லை. கசக்கிப் பையில் திணித்து ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும், பெட்டியில் போகிற உடை.

மார்ச் 24, திங்கள்

உதறினால் சுருக்கம் போகிறது. கத்தரியே தலையாட்டிவிட்டாள். இதற்கு மேல் சான்றிதழ் கிடையாது.

மார்ச் 29, சனி

ஒரே அடுக்கு. முன்பக்கம் குறுக்கே வந்து வலது இடுப்பில் ஒரே ஒரு முடிச்சு; ஒற்றைக் கையாலேயே கட்டலாம். கை அகலமாக, முழங்கை வரை. இடப்பக்கம் தட்டையாக, அவள் எப்படி இருக்கிறாளோ அப்படி. ஈயத் துண்டுகளை மட்டும் விடவில்லை. போட்டுப் பார்த்த அக்கா, காலில் என்னமோ இடிக்கிறது என்றாள். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

பழைய நீலத்தைப் பிரித்து, மெத்தையையும் ஒரு லைனிங்கையும் எடுத்துவிட்டு எனக்கு மாற்றிக்கொண்டேன். எனக்கு மறைக்க வேண்டியது வயிறு ஒன்றுதான். அழகாகவே மறைக்கிறது.

ஏப்ரல் 5, சனி

கப்பல் ஏறிவிட்டோம். எங்கள் அறை தீப்பெட்டி அளவு, ஆனால் கடல் தெரிகிறது. ஜன்னல் திரையில் கொசுவம் போதாது.

ஏப்ரல் 7, திங்கள்

இன்று முதல் விருந்து. ஏழு மணிக்கு என்று போட்டிருந்தது. ஆறு மணிக்கே நான் தயார். அக்கா உடையைக் கட்டிலில் விரித்து வைத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தலை லேசாக வலிக்கிறது என்றாள். வா என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். மேல்தளத்தில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இருபது நிமிடம். வெயில் இறங்கியும் சூடு போகவில்லை. நீலத்துக்குள் நான் வெந்துகொண்டிருந்தேன். அப்புறம் படியேறி வந்தாள். மாதுளைச் சிவப்பில். கைப்பையை மட்டும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப் பிடித்திருந்தாள். காற்று சுழற்றி அடித்தது. அங்கிருந்த பெண்களெல்லாம் இரண்டு கையாலும் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இவள் உடை மட்டும் அசையவில்லை. கீழே குனிந்து பார்த்துவிட்டு, “ஈயமா?” என்றாள். நான் கடலைப் பார்த்தேன்.

கூடத்து வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே ஐந்நூறு பேராவது இருப்பார்கள். நானும் நின்றேன். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு நிமிடமா, ஐந்து நிமிடமா? பிறகு, “இதைப் பிடி” என்று கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

எங்கள் மேஜையில் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும். அந்த அம்மாவின் கண் அக்காவின் நெஞ்சில் ஒரு தடவை நின்றது, நகர்ந்தது, திரும்ப வந்தது. எனக்குக் காது சுட்டது. ஏதாவது பேசி மழுப்பலாமென்று வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“கேன்சர். போன வருஷம் எடுத்தாச்சு. அந்த உப்பைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க.”

அந்த அம்மா உப்பைத் தள்ளினாள். பிறகு தன் தங்கைக்கும் இப்படித்தான் என்று ஆரம்பித்து, இனிப்பு வரும்வரை பேசினாள். நடுவில் அக்காவின் உடை எந்தக் கடையில் எடுத்தது என்றும் கேட்டாள். இவள் தைத்தது என்று அக்கா என்னைக் காட்டியபோது எனக்கு வந்த பெருமையை எழுதினால் இந்த நோட்டு போதாது.

ஏப்ரல் 8, செவ்வாய்

கரையில் இறங்கினோம். தொப்பி போடாமல் நாள் முழுக்க வெயிலில் சுற்றினேன். அக்கா சொல்லத்தான் சொன்னாள்; நான் யார் பேச்சைக் கேட்டேன்?

ஏப்ரல் 10, வியாழன்

முதுகும் தோளும் கொப்புளித்துப் போயிருக்கிறது. துணி பட்டாலே எரிகிறது. நீல கவுனைப் பார்த்தாலே அழுகை வருகிறது. கப்பல் டாக்டர் கொடுத்த களிம்பைப் பூசிக்கொண்டு குப்புறப் படுத்திருந்தேன். இன்று இரண்டாவது விருந்து. நான் இல்லாமல் அக்கா எங்கே போகப் போகிறாள்? பாவம், இரண்டு பேருக்கும் அறைக்கே வரவழைத்துக்கொள்ளலாம் என்று மெனு அட்டையைத் தேடினேன்.

குளித்துவிட்டு வந்தாள். சிவப்பை எடுத்து உதறினாள். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே முடிச்சைப் போட்டாள். “களிம்பு மேஜையில இருக்கு. தண்ணி நிறையக் குடி. பல் டாக்டர் வீட்டம்மா எனக்கு இடம் போட்டு வைக்கறேன்னு சொல்லியிருக்கா” என்றாள். நீயும் வா என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

அரை மணி கழித்துச் சாப்பாட்டுக்குப் போன் செய்தேன். போனை எடுத்த பையன், இரண்டு பேருக்கா என்று கேட்டான். ஒருத்திக்கு மட்டும் என்றேன்.