கூட்டாத வீடு

பெப்ரவரி 16, வெள்ளி

பனி. விடிந்ததிலிருந்து கொட்டுகிறது. பஸ் தாமதம், நானும் தாமதம். சலவைக்கூடத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. ஒருநாள் நான் வராமலே விட்டால் எப்போது கவனிப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு ஹோட்டல் விரிப்புகளை மடித்தேன். மடிப்பு நன்றாகத்தான் வந்தது.

வாங்க வேண்டியவை: உள்ளி, மிளகாய்த்தூள், மின்குமிழ்.

மின்குமிழை மறந்துவிட்டேன். அறை இருட்டு. குளியலறை வாசலில் இருந்து எழுதுகிறேன்.

பின்னேரம் வீட்டுக்காரி படியடியில் மறித்தா. ஃபிராவ் லின். நேரில் அப்படித்தான் கூப்பிடுவது. இதில் எழுதும்போது லின் அக்கா. யார் பார்க்கப் போகிறார்கள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட இருக்கும். எனக்கும் அவவுக்கும் இடையில் உள்ள ஜேர்மன், இரண்டு பேரும் சேர்ந்தும் ஒரு முழு வசனம் வராத ஜேர்மன்.

"ஞாயிறு வேலை?"

"இல்லை."

"நல்லது. ஞாயிறு எங்கள் சீன வருடக் கடைசி. கீழே சாப்பாடு. நீயும். மெய்லிங் வருகிறாள்."

மெய்லிங் மகள். மியூனிக்கில் படிக்கிறாள். போன வருடப் பிறப்புக்கும் வரவில்லை, அதற்கு முதல் வருடமும் இல்லை. தகப்பன் ஸ்டேஷனடியில் சிறு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார், மகள் அதை எடுத்து நடத்த மாட்டேன் என்றிருக்கிறாள். போனில் இரண்டு பேரும் கத்திய கத்தல் மேல்மாடிக்குக் கேட்டது. அதற்குப் பிறகு தகப்பன் போனைத் தொட்டு நான் காணவில்லை.

இந்த வீட்டில் எனக்கு மேலே ஒரு அறை. கீழே அவர்களுடைய சமையலறையில் ஒரு அலமாரித் தட்டு. அவர்கள் சமைத்து முடித்த பிறகு அடுப்பு எனக்கு. சமைப்பது, தட்டில் போடுவது, படியேறுவது, கட்டிலில் இருந்து சாப்பிடுவது. தம்பி கனடாவுக்குப் போனதிலிருந்து இப்படித்தான். ஞாயிறு மேசையில் சாப்பாடு.

என்ன உடுப்பது?


பெப்ரவரி 17, சனி

குளிர் கடுமை. ஜன்னல் உட்பக்கமும் உறைந்துபோய்.

கீழே பெரிய துப்புரவு. பொங்கலுக்கு முதல் எங்கள் வீடு பட்ட பாடு. லின் அக்கா அலமாரியை இழுத்துக் கூட்டி, அடுப்புக்குக் கீழே சுரண்டி, கடைசியில் தும்புத்தடியைக் கொண்டுபோய் அலமாரிக்குப் பின்னால் செருகி வைத்தா. எவ்வளவு ஒழுங்கான மனுசி என்று நினைத்தேன்.

பிறகு கொழுக்கட்டை. அவர்கள் அதற்கு வேறு பெயர் சொல்கிறார்கள், எனக்கு அது கொழுக்கட்டைதான். கோதுமை மா, உள்ளே பன்றி இறைச்சியும் முட்டைக்கோவாவும். பிறைபோல மடித்து ஓரம் பிடிப்பது. சும்மா நின்று பார்க்க ஏலாமல் கையைக் கழுவிவிட்டு நானும் ஒன்று எடுத்தேன். விரல்களுக்கு மறக்கவில்லை. பல்லுப் பல்லாக, வரிசையாக விழுந்தது.

லின் அக்கா தன்னுடையதை வைத்துவிட்டு என்னுடையதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தா.

"எங்கே படித்தாய்?"

"எங்கள் வீட்டில். என் தங்கை இதைவிட வடிவாகப் பிடிப்பாள்."

"அவள் எங்கே?"

எங்கே என்று ஜேர்மனில் சொல்லத் தெரியவில்லை. தமிழிலும் தெரியாதுதான். ஒக்டோபரில் சண்டைக்குப் பயந்து ஊர் முழுக்க இடம்பெயர்ந்தபோது வசந்தியும் பிள்ளைகளும் வெளிக்கிட்டதாகக் கேள்வி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

ஆறு மணிக்கு டார்ம்ஸ்டாட்டில் இருக்கும் சாந்திக்குப் போன். ஊரில் எங்கள் அடுத்த வீட்டுப் பிள்ளை. அவளுக்குத்தான் ஏதாவது செய்தி வரும்.

"ஒண்டும் இல்லையக்கா. கிளிநொச்சியிலை கண்டதெண்டு ஒராள் சொல்லுது. அங்காலை தாண்டிப் போட்டினம் எண்டு இன்னொராள். ஆரை நம்பிறது?"

"ம்."

"சாப்பிட்டனீங்களோ?"

"ஓம்."

சாப்பிடவில்லை. ஏன் ஓம் என்றேன்?


பெப்ரவரி 18, ஞாயிறு

நீலச் சேலை. மேலே ஸ்வெட்டர், வேறு வழியில்லை.

மெய்லிங் வரவில்லை. பனியால் ரயில் குழப்பமாம். நாளை முதல் ரயில் எடுப்பாளாம். லின் அக்கா போனை வைத்துவிட்டு அதன்மேல் கையை வைத்தபடி நின்றா. தகப்பன், ஹெர் லின், மீனுக்கு இஞ்சி வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டு நின்றது. பிறகு தொடர்ந்தது. இரண்டு வருடத்தில் அந்த மனுசன் என்னோடு பேசியது "குட்டன் டாக்" என்ற வணக்கம் மட்டும்தான். மகளோடு அதுவும் இல்லை.

மேசையில் மூன்று நாற்காலி. எனக்குக் கடையிலிருந்து கொண்டுவந்த ஸ்டூல். மூன்றாவது நாற்காலி காலி. அதற்கு முன்னால் ஒரு கிண்ணம், குச்சிகள், கிண்ணத்தில் கொழுக்கட்டை. ஆவி பறக்கிறது. ஆள் இல்லை.

ஆள் இல்லாத இடத்தில் சாப்பாடு வைத்து நான் பார்த்தது ஒரே ஒரு காரணத்துக்குத்தான். ஐயாவின் திவசத்துக்கு. ரயில், பனி என்றதெல்லாம் எனக்காகச் சொன்ன கதையோ? மெய்லிங்குக்கு என்னவோ நடந்துவிட்டதோ? முகம் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும்.

"என்ன?" என்றா லின் அக்கா.

கிண்ணத்தைக் காட்டினேன். விளங்கப்படுத்தத் தெரியாமல் கண்ணை மூடி, தலையைச் சரித்துக் காட்டினேன். மடைத்தனம்.

லின் அக்கா கோபிக்கவில்லை. "இல்லை, இல்லை. அவள் வழியில். வழியில் இருக்கிற ஆளுக்கு இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் எங்கே வருவாள்?"

உயிரோடு இருக்கிறவர்களுக்கு வைப்பதாம். சொல்லிவிட்டு எனக்கு வேறு கொழுக்கட்டை எடுத்துத் தந்தா. முட்டையும் கீரையும் வைத்தது. நான் எதைச் சாப்பிடுவேன், எதைத் தொடமாட்டேன் என்று யோசித்து, அடையாளத்துக்கு ஓரத்தை வேறு மாதிரிப் பிடித்து வைத்திருக்கிறா.

பாதி மீனை வேண்டுமென்றே மிச்சம் விட்டார்கள். அது அடுத்த வருடத்துக்காம். நடுவில் ஹெர் லின் என் பக்கம் பார்க்காமலே ஒரு துண்டு மீனை எடுத்து என் தட்டில் வைத்தார். கன்னத்துச் சதை. மீனில் நல்ல இடம் அதுதான்.

என் தட்டில் இன்னொருவர் சாப்பாடு வைத்து எவ்வளவு காலம். அழுதுவிடுவேனோ என்று பயந்து இஞ்சி உறைப்பதாகக் காட்டினேன்.


பெப்ரவரி 19, திங்கள், காலை

வெயில். நல்ல நாள். எனக்குப் பின்னேர வேலைதான்.

எல்லோருக்கும் முதல் எழுந்து கீழே போனேன். நேற்றைய அமர்க்களம் அப்படியே. கடலைக் கோது, பூசணி விதைக் கோது, மா, சிவப்புத் தாள் துண்டுகள். வருடப் பிறப்பு, தூரத்திலிருந்து பிள்ளை வருகிறது, வீடு இப்படியா கிடப்பது? அலமாரிக்குப் பின்னாலிருந்து தும்புத்தடியை இழுத்து எடுத்து மூலை முடுக்கெல்லாம் கூட்டினேன். குப்பையைப் பையில் கட்டி முற்றத்துத் தொட்டியில் போட்டேன். வாசலுக்குத் தண்ணீர்கூடத் தெளித்தேன். உறைந்துவிட்டது. உப்புப் போட்டேன்.

எழுந்து வந்து பார்த்தால் சந்தோஷப்படுவா.


அதே நாள், பின்னேரம்

வேலைக்குப் போகவில்லை. வயிற்று வலி என்று போன் செய்தேன். முழுப் பொய்யும் இல்லை.

லின் அக்கா வந்தா. தரையைப் பார்த்தா. என் கையிலிருந்த தும்புத்தடியைப் பார்த்தா. வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் இருந்துவிட்டா.

முதல் நாள் கூட்டவே கூடாதாம். ஐந்தாம் நாள்வரை கூடாதாம். கூட்டினால் வீட்டுக்கு வந்த நல்லதெல்லாம் குப்பையோடு வெளியே போய்விடுமாம். அதற்காகத்தான் தும்புத்தடியை ஒளித்து வைத்தது. நான் என்னவென்றால் தேடிப்பிடித்து எடுத்திருக்கிறேன்.

"உனக்குத் தெரியாது," என்றா. "தெரியாது. தெரியாது." மூன்று தரமும் என்னைப் பார்க்காமல்.

பத்து மணிக்கு போன். மெய்லிங் வரவில்லையாம். ரயில் ஓடுகிறது, ஆனால் வரவில்லையாம். வந்தாலும் அப்பாவோடு சண்டைதான் என்றாளாம். லின் அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினா. சாத்திய சத்தம்கூடக் கேட்கவில்லை. அறைந்து சாத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

எங்கள் வீட்டில் நாள் பெருநாளில் கூட்டாமல் விட்டால்தான் மூதேவி வருவாள். இங்கே கூட்டினால் போகிறதாம் எல்லாம். இதை யாரிடம் போய் முறையிடுவது? நேற்று ஒரு மேசை கிடைத்தது, இன்று நானே அதைக் கூட்டித் தள்ளிவிட்டேன்.

பிறகு செய்தது பைத்தியக்கார வேலை. முற்றத்துக்குப் போய்த் தொட்டிக்குள் இடுப்புவரை குனிந்து அந்தப் பையை எடுத்தேன். எதிர்வீட்டுக் கிழவர் ஜன்னலைத் திறந்து, தவறான தொட்டியில் போட்டுவிட்டாயா என்று கேட்டார். "ஓம்," என்றேன். தமிழிலேயே.

சமையலறையில் பையை அவிழ்த்துத் திரும்பக் கொட்டினேன். குவித்து அல்ல. இருந்த இருந்த இடத்தில். மேசைக்குக் கீழே கடலைக் கோது, அடுப்படியில் மா, மெய்லிங்கின் நாற்காலியடியில் சிவப்புத் தாள். கோலம் போடுகிறவள் மாதிரிக் குனிந்து குனிந்து. நிமிர்ந்தால் வாசலில் ஹெர் லின்.

பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, பைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, ஜன்னலடியில் தூவினார். அங்கே நான் மறந்துவிட்டேன். பூசணி விதை தின்றது அவர்தானே, அவருக்குத்தான் தெரியும்.

பை காலியாகும்வரை இரண்டு பேரும் தூவினோம்.


பெப்ரவரி 21, புதன்

மழையும் பனியும் கலந்து. சேறு. புது மின்குமிழ் போட்டாயிற்று.

கீழே நடந்தால் கோது நொறுங்கும் சத்தம். ஒருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நேற்று நான் என் சோற்றைத் தட்டில் போட்டுப் படியேறப் போக, லின் அக்கா மெய்லிங்கின் நாற்காலியைக் காலால் தள்ளி, "இரு," என்றா. இருந்தேன். இன்றும் இருந்தேன். என் பருப்பை ஹெர் லின் ஒரு கரண்டி ருசி பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு கரண்டி எடுத்தார்.

சாந்தியிடம் போனில் கிண்ணக் கதையைச் சொன்னேன்.

"ஐயோ, செத்த ஆக்களுக்கெல்லோ அக்கா அப்பிடி வைக்கிறது!"

"அவையளுக்கு அப்பிடி இல்லையாம்."

"எண்டாலும் நீங்கள் ஒண்டும் வையாதேங்கோ. வசந்தி அக்கான்ரை விசயம் ஒண்டும் தெரியாமல் கிடக்கு. நினைச்சும் பாராதேங்கோ."

நான் கேட்கவே இல்லை. கேட்க நினைத்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது?


பெப்ரவரி 23, வெள்ளி

ஐந்தாம் நாள். லின் அக்கா தும்புத்தடியை என் கையில் தந்தா. "இன்று கூட்டு. நன்றாகக் கூட்டு." சிரிக்கிறாவா என்று பார்த்தேன். கொஞ்சம்.

திரும்பவும் கொழுக்கட்டை. பிடித்துக்கொண்டிருக்கும்போது நடையில் ஹெர் லின் போனைத் தூக்கும் சத்தம். லின் அக்காவின் விரல்கள் மாவில் நின்றன. சீன மொழி எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. முதலில் ஒற்றைச் சொற்கள். பிறகு அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். பிறகு அந்த மனுசன் சிரித்தார்! அவருக்குச் சிரிப்பு இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

"என்ன சொல்கிறார்?"

லின் அக்கா மாக் கையால் கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் மா. "உன் கதை. குப்பையைத் திரும்பக் கொட்டிய கதை. அவளும் சிரிக்கிறாள்."

மகளோடு பேச அவருக்கு ஒரு கதை கிடைக்காமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். நாளை வருகிறாளாம்.


பெப்ரவரி 24, சனி

தெளிந்த வானம். விரிப்புகள் இன்று இரட்டிப்பு. கை வெடிப்பு, களிம்பு வாங்க வேண்டும்.

வேலையால் வரும்போது நடையில் புதிய சப்பாத்து. மெய்லிங். உயரம். தகப்பனின் நெற்றி. "நீங்கள்தானா அது!" என்று என் கையைப் பிடித்து ஆட்டினாள். நல்ல பிள்ளை. மேசையில் மூன்று நாற்காலி, மூன்றாவதில் அவளுடைய பை. ஸ்டூல் கடைக்குத் திரும்பிப் போய்விட்டது. ஹெர் லின் அதைத் தேடி நடைக்கு வந்தார். நான் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிட்டேன் என்றேன். இரண்டு வருடம் பொறுத்து மூன்று பேர் ஒன்றாக இருக்கிறார்கள். நாலாவது ஆள் எதற்கு?

மேலே வந்து கதவைச் சாத்தினேன். கீழே சிரிப்பு. நல்லது நடந்திருக்கிறது, எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் கட்டிலில் சும்மா இருந்தேன், கோட்டைக்கூடக் கழற்றாமல்.

கதவு தட்டும் சத்தம். லின் அக்கா, பெரிய கிண்ணம் நிறைய நூடில்ஸ். பொய் சொன்னது தெரிந்திருக்கிறது.

"இன்று கொழுக்கட்டை இல்லையா?"

"கொழுக்கட்டை போகிறவர்களுக்கு. வருகிறவர்களுக்கு இது."

தந்துவிட்டு ஓடிவிட்டா. கீழே கூப்பிடுகிறார்கள்.

ஒரு ஆளுக்கு மிக அதிகம். ஜன்னலடி மேசையைத் துடைத்தேன். அலமாரியிலிருந்து இரண்டாவது தட்டை எடுத்துக் கழுவினேன். தம்பி போன பிறகு எடுக்காத தட்டு. பாதியை அதில் போட்டேன். சாந்தியிடம் சொல்லப் போவதில்லை.

வசந்தி, ஆறுவதற்குள் வா.